வெயிலுக்குப் பயந்து மீண்டும் கீற்றுக் கொட்டகை! வகுப்பறைக் கூரைக்கு வழி என்ன?

சென்னை, ஜூலை.16-

வடசென்னையில் ஒரு சந்து. இரண்டு மாடி வீடு. மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை. உள்ளே 35 பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொண்டிருந்தார்கள். டியூஷன் சென்டர்!

ஏறவும் இறங்கவும் ஒரே ஒரு படிக்கட்டு. எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டி நின்றால்தான் வழி. கீழ்ப்படிக்குப் பக்கத்தில் இரண்டு கியாஸ் சிலிண்டர். கொட்டகை மூங்கிலில் சுற்றிக் கட்டிய ஒயர். அந்த ஒயரில் மூன்று மின்விசிறி, நான்கு டியூப் லைட்.

நேற்று மாலை நாம் நேரில் கண்ட காட்சி இது.

இன்று என்ன தேதி? ஜூலை 16.

கும்பகோணம் ஞாபகம் இருக்கிறதா?

94 பிஞ்சுகள்

2004-ம் ஆண்டு. இதே ஜூலை 16. வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரு பள்ளிக்கூடம். முற்பகல் நேரம். சத்துணவு சமைக்கும் கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக்குத் தாவியது. எரிந்த கூரை பிள்ளைகள் தலையிலேயே விழுந்தது. படிக்கட்டோ குறுகல். 94 குழந்தைகள் கருகிப் போனார்கள்.

வழக்கு 10 வருடம் நடந்தது. 2014-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி தஞ்சாவூர் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. நடுவில், 2009-ல், சுப்ரீம் கோர்ட்டும் நாடு முழுவதும் உள்ள பள்ளிகளுக்கு உத்தரவு போட்டது. கட்டிடம் பத்திரமாக இருக்க வேண்டும், தீயணைக்கும் கருவி இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்கு அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று.

இந்த நிருபருக்கு 2004-ல் வயது 6. வெளியூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு. எங்கள் வகுப்பும் கீற்றுக் கொட்டகைதான். கும்பகோணம் தீ விபத்துக்குப் பிறகு தமிழ்நாடு முழுக்க பள்ளிகளில் கீற்றைப் பிரித்தார்கள். எங்கள் பள்ளியிலும் பிரித்தார்கள். நாங்கள் வேடிக்கை பார்த்தோம். சாம்பல் நிற சிமெண்டு ஷீட் வந்தது. புதுக் கூரை என்று கைதட்டினோம்.

அடுத்த மார்ச் மாதம்தான் தெரிந்தது. பகல் 2 மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாது. டீச்சரே எங்களை வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப் போய்விடுவார்.

கீற்றை எடுத்தது நூற்றுக்கு நூறு சரி. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. அந்த இடத்தில் எதைப் போட்டோம் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டதால்தான் இன்று ஒரு டியூஷன் வாத்தியார் மறுபடி கீற்று வேய்ந்து வைத்திருக்கிறார்.

"நான் இன்னா சார் பண்றது?"

அவரிடமே கேட்டோம். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கும்பிட்டார். அவர் கூறியதாவது:-

"போன வருஷம் வரைக்கும் தகர ஷீட்டுதான் சார். சனி, ஞாயிறு காலையில 10 மணிக்கு கிளாஸ். 11 மணிக்கெல்லாம் மேல நெருப்பு கொட்டுற மாதிரி இருக்கும். ரெண்டு பசங்க மயங்கி வுழுந்துட்டாங்க. ஒரு பொண்ணுக்கு மூக்குல ரத்தம். அவங்க அம்மா வந்து என்ன கேட்ட கேள்வி இருக்கே... ஏ.சி. போட எனக்கு வசதி இல்ல. பீஸே பாதி பேர் குடுக்கறதில்ல. நான் இன்னா சார் பண்றது? கீத்து போட்டேன். இப்ப பாருங்க, எப்படி ஜில்லுனு இருக்குதுன்னு."

உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். உள்ளே குளுமையாகத்தான் இருந்தது. கீற்றுக்கு நடுவே நடுவே காற்று தங்கி நிற்கிறது. அது சூட்டைத் தடுக்கிறது. ஏழைக்கு அதுதான் ஏ.சி. ஆனால் ஒரு பொறி போதும்.

பக்கத்து தீயணைப்பு நிலையத்தில் ஒரு வீரரிடம் இந்தக் கொட்டகையைப் பற்றி (இடம் சொல்லாமல்) கேட்டோம். "காய்ஞ்ச கீத்து பிடிச்சா நாங்க வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்குள்ள முடிஞ்சிடும். படி ஒண்ணுதான்னு வேற சொல்றீங்க..." என்றவர், மேற்கொண்டு பேசவில்லை.

சூடு எங்கே இருந்து வருகிறது?

ஜன்னல் வழியாக வெயில் அடிக்கிறது, அதனால்தான் சூடு என்று நினைக்கிறோம். சென்னையில் கதை வேறு. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. இடையில் உள்ள மாதங்களிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆகவே வெயில் முழுவதையும் தலையில் வாங்குவது கூரை. சுவர் அல்ல.

தகர ஷீட்டும் சிமெண்டு ஷீட்டும் மெல்லிசு. வெயில் ஏறிய அரை மணியில் சூடாகி அப்படியே கீழே இறக்கிவிடும். மத்தியானத்தில் அதன் மேல்பக்கம் 60 டிகிரி வரை போகும். கை வைத்தால் பொசுக்கும்.

கான்கிரீட் தளம் வேறு ரகம். அது சூட்டை உடனே தராது. காலையில் இருந்து குடித்துக்கொண்டே இருக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் கக்கும். அதனால்தான் வெளியே வெயில் தணிய ஆரம்பித்த பிறகும், மத்தியானம் 2, 3 மணிக்கு மேல் மாடி வகுப்பறை அடுப்பு மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள் என்று வாத்தியார் அடிக்கிறார். தூக்கமா அது? அரை மயக்கம்!

இதோடு இன்னொன்றும் உண்டு. ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தாலே அதன் உடம்பில் இருந்து ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூடு வருகிறது. ஒரு வகுப்பில் 40 பேர் என்றால் 40 குண்டு பல்பு! அந்தச் சூடு வெளியே போக வழி வேண்டாமா? பல பள்ளிகளில் ஜன்னலை அடைத்து பீரோ நிற்கிறது. மேலே உள்ள காற்றுத் திறப்பை, புறா வருகிறது என்று பலகை வைத்து ஆணி அடித்து விட்டார்கள்.

பள்ளிக்கூடம் திறப்பதே தள்ளிப் போகிறது

வெயில் என்றால் சென்னைக்குப் புதிதல்ல. 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. ஆனால் அது மே மாதம். பிள்ளைகளுக்கு லீவு. இப்போதோ ஜூன் மாதமும் மே மாதிரிதான் காய்கிறது. 2023-ல் கோடை விடுமுறை முடிந்து ஜூன் முதல் வாரம் திறக்க வேண்டிய பள்ளிகளை வெயில் காரணமாகத் தள்ளித் தள்ளி, பெரிய வகுப்புகளை 12-ந் தேதியும் சின்ன வகுப்புகளை 14-ந் தேதியும் திறந்தார்கள். 2024-லும் 6-ந் தேதி என்றது 10-ந் தேதி ஆயிற்று.

பிள்ளைகளுக்கு என்னவோ குஷிதான். ஆனால் வேலைக்குப் போகும் தாய் தகப்பனுக்குத்தான் தெரியும் கஷ்டம். அரசுப் பள்ளி பிள்ளைகளுக்கோ அத்தனை நாள் சத்துணவும் இல்லை.

திறந்த பிறகு மட்டும் என்ன வாழ்கிறது? அமெரிக்காவில் சுமார் 1 கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்து 2020-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஏ.சி. இல்லாத பள்ளிகளில், பள்ளி நடக்கும் ஆண்டின் சராசரி வெப்பம் 1 டிகிரி பாரன்ஹீட் கூடினாலே (நம் கணக்கில் அரை டிகிரிக்குச் சற்று மேல்) அந்த வருடப் படிப்பில் நூற்றில் ஒரு பங்கு போய்விடுகிறது என்று அதில் கண்டார்கள். அங்கேயே அப்படி என்றால் இங்கே?

நகரில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை நம்மிடம் சொன்ன விஷயம் சுவாரசியமானது. "ஜூன் மாசம் ஆனா பேரண்ட்ஸ் வந்து நிப்பாங்க. மிஸ், எங்க பையனை ஏ செக்‌ஷன்ல போடுங்கன்னு. ஏ செக்‌ஷன்ல நல்லா சொல்லித் தர்றாங்கன்னு இல்ல. ஏ செக்‌ஷன் கீழ் மாடி. சி செக்‌ஷன் மொட்டை மாடிக்கு நேர் கீழே!"

ஒரு வாளி சுண்ணாம்பு

வியாசர்பாடியில் 70 வயதைத் தாண்டிய ஒரு கொத்தனாரைப் பிடித்தோம். கையில் பீடி. விவரமான ஆள். அவருடன் நடந்த பேச்சு:-

கேள்வி: கூரைச் சூட்டுக்கு என்ன வழி?

பதில்: வெள்ளை அடி. அவ்ளோதான்.

கேள்வி: அவ்வளவு சுலபமா?

பதில்: அந்தக் காலத்துல ஊட்டு மாடியில கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசுவாங்க. ஏன் பூசுனாங்க, அழகுக்கா? மாடியை யாரு பாக்கறா, காக்காவா? வெய்யிலைத் திருப்பி வுட்டுடும்யா!

கேள்வி: மழை வந்தால் கரைந்துவிடாதா?

பதில்: கரையும். அதான் மழை முடிஞ்சு மாசி மாசத்துல அடிக்கணும். தண்ணி நல்லா கழுவி, பாசி சொரண்டி, ரெண்டு கை அடிக்கணும். சுண்ணாம்புல கொஞ்சம் பெவிகால் ஊத்துனா ஒட்டிக்கும். வருஷா வருஷம் அடி. பொங்கலுக்கு ஊட்டுக்கு அடிக்கிற இல்ல?

அவர் சொல்வது அப்படியே விஞ்ஞானம். அழுக்கேறிய கான்கிரீட் தளம் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக் கொள்கிறது. புதிதாக அடித்த வெள்ளை நூற்றுக்கு 70, 80 பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கீழே உள்ள அறையில் 2 முதல் 5 டிகிரி வரை குறைகிறது. இதற்கென்றே வெள்ளை பெயிண்டு, வெள்ளை டைல்ஸ் எல்லாம் கடையில் வந்துவிட்டன. விலை கூடுதல், ஆனால் சில வருடம் தாங்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். தூசி படிந்தால் வெள்ளை வெள்ளையாக வேலை செய்யாது. துடைப்பம் வேண்டும்.

குஜராத்தில் ஆமதாபாத் நகரம் 2010-ம் ஆண்டு மே மாத வெயிலில் ஏராளமான உயிர்களைப் பறிகொடுத்தது. அதன் பிறகு 2013-ல் வெயிலைச் சமாளிக்கத் திட்டம் போட்டார்கள். 2017-ல் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்க ஆரம்பித்தார்கள். தெலுங்கானா அரசு 2023-ல் குளிர்ந்த கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டு வந்தது. நம் ஊரிலும் அம்பத்தூரில் ஓர் அரசு பெண்கள் பள்ளியின் மொட்டை மாடியில் வெள்ளை பூசிப் பார்த்திருக்கிறார்கள்.

ஆக வழி தெரியாமல் இல்லை. ஆனால் நகரத்தின் உயரமான ஒரு கட்டிடத்தின் மேலே நின்று சுற்றிப் பாருங்கள், வாசகர்களே. எத்தனை பள்ளிக்கூட மாடி வெள்ளையாகத் தெரிகிறது? நாம் பார்த்தோம். உடைந்த பெஞ்சுதான் குவிந்து கிடக்கிறது!

மெட்ராஸ் டெரஸ்

இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. நம் பெயரிலேயே ஒரு கூரை இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பழைய வீடுகளில் இன்னும் பார்க்கலாம். தேக்கு உத்திரம் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டுத் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர், வெல்லத் தண்ணீர் சேர்ப்பதும் உண்டு. உயரமான கூரை, முன்னால் தாழ்வாரம். உள்ளே போனால் கிணற்றடி மாதிரி இருக்கும்.

இன்று தேக்குக்கு எங்கே போவது? சரி. ஆனால் கான்கிரீட் தளத்தின் மேல் ஜல்லி சுண்ணாம்பும் தட்டோடும் போடுவது சமீப காலம் வரை வழக்கமாகத்தான் இருந்தது. மழை ஒழுகாமல் இருக்கவும் சூடு இறங்காமல் இருக்கவும் இரண்டுக்கும் அதுதான். இப்போது அவசர அவசரமாகத் தளம் போட்டு, மேலே சிமெண்டு தடவி, "முடிந்தது" என்று பில் போட்டுவிடுகிறார்கள். மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்பது இந்தக் கட்டுரையின் விஷயம் அல்ல!

ஓட்டுக் கூரையையும் மறந்துவிட்டோம். மங்களூர் ஓடு தீப்பிடிக்காது. ஓட்டு இடுக்கு வழியாகச் சூடு மேலே கிளம்பிவிடும். குரங்கு ஏறினால் உடையும், மழையில் நாலு இடத்தில் சொட்டும். அதற்காகத்தான் அதைக் கழித்துக் கட்டினார்கள். சொட்டுக்கு ஒரு வாளி வைத்தால் போதும். சூட்டுக்கு என்ன வைப்பது?

தெர்மாகோல் எமன்

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஷீட்டுக் கூரை போட்ட சில தனியார் பள்ளிகளிலும் டியூஷன் சென்டர்களிலும் சூட்டுக்கு என்று உள்பக்கம் தெர்மாகோல் அட்டை அடித்து வைத்திருக்கிறார்கள். பார்க்க வெள்ளை வெளேர் என்று இருக்கும். தெர்மாகோல் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். கரும்புகை கிளம்பும். அந்தப் புகையை நாலு மூச்சு இழுத்தாலே ஆபத்து. அதன் மேலேயே மின்சார ஒயர் ஓடுகிறது!

கீற்றை எடுத்துவிட்டு தெர்மாகோல் வைப்பது, பாம்பை விரட்டிவிட்டுத் தேளை மடியில் கட்டிக்கொண்ட கதை.

ஷீட்டுதான் கதி என்கிறவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. ஷீட்டின் மேல்புறம் வெள்ளை அடிக்கலாம். கூரையை இன்னும் இரண்டு அடி உயர்த்தலாம். உச்சியில் சூடு வெளியேற இடைவெளி விட்டு, அதன் மேல் ஒரு தொப்பி போடலாம். எதுவும் எரியாத சாமான்.

மின்விசிறி செய்யும் கொள்ளை

குற்றச் செய்தி எழுதும் இந்த நிருபர் வழக்கமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, அங்கே மோட்டாரோ பித்தளைக் குழாயோ திருட்டுப் போனால்தான். இந்த முறை வேறு ஒரு திருட்டு கண்ணில் பட்டது. யாரும் புகார் கொடுக்காத திருட்டு.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர் நமக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

20 வகுப்பறை உள்ள ஒரு பள்ளி. அறைக்கு 4 மின்விசிறி, 4 டியூப் லைட். மொத்தம் 80 மின்விசிறி, 80 டியூப் லைட். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். பழைய டியூப் லைட் சோக்குடன் சேர்த்து 55 வாட். தினம் 6 மணி நேரம் ஓடினால் மின்விசிறிக்கு 36 யூனிட். விளக்குக்கு 26.4 யூனிட். ஆக ஒரு நாளைக்கு 62.4 யூனிட்.

இப்போது கடையில் கிடைக்கும் புது ரக மின்விசிறி (பி.எல்.டி.சி. என்கிறார்கள்) 30 வாட்தான் எடுக்கும். காற்று அதே காற்று. எல்.இ.டி. டியூப் 20 வாட். இரண்டையும் மாற்றினால் மின்விசிறிக்கு 14.4 யூனிட், விளக்குக்கு 9.6 யூனிட். மொத்தம் 24 யூனிட்!

தினம் 38.4 யூனிட் மிச்சம். வருடத்தில் 200 நாள் பள்ளி என்றால் 7,680 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 61,440 ரூபாய். ஒரு பள்ளிக்கு, ஒரு வருடத்துக்கு. இதைத்தான் திருட்டு என்றோம்.

சுவரில் இன்னும் சில பள்ளிகளில் பெரிய பெட்டி ரெகுலேட்டர் இருக்கிறது. அதில் வேகத்தைக் குறைத்தால் கரண்டு மிச்சம் என்று நினைத்தால் ஏமாற்றம். மிச்சமாக வேண்டியதில் பெரும்பகுதி பெட்டிக்குள்ளேயே சூடாகப் போய்விடும். தொட்டுப் பாருங்கள், சுடும்.

2023-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் மின்விசிறிக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு நன்கொடையாக மின்விசிறி வாங்கித் தரும் கடைக்காரர்கள், அதன் மேல் தன் பெயரை எழுதுவதற்கு முன் நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்து வாங்கினால் புண்ணியம்.

பகல் பொழுதில் விளக்கு எதற்கு என்றும் கேட்கலாம். மேற்படி தலைமை ஆசிரியை நம் எதிரிலேயே ஒரு வகுப்பில் பீரோவை நகர்த்தச் சொன்னார். இரண்டு ஜன்னல் திறந்தது. நான்கு விளக்கில் மூன்றை அணைத்தார். கரும்பலகை நன்றாகவே தெரிந்தது. பிள்ளைகள்தான் கொஞ்ச நேரம் தெருவை வேடிக்கை பார்த்தார்கள்.

சோலார் எப்போது?

எல்லோரும் இப்போது சோலார் சோலார் என்கிறார்கள். நல்லதுதான். வெயில் அடிக்கும் நேரமும் பள்ளிக்கூடம் நடக்கும் நேரமும் ஒன்று. பாட்டரி கூட அதிகம் தேவையில்லை. 1 கிலோவாட் சோலார் தகடு சென்னையில் தினம் சுமார் 4 யூனிட் தரும். அதற்கு சுமார் 100 சதுர அடி மாடி வேண்டும்.

மேலே சொன்ன பள்ளி பழைய மின்விசிறியை வைத்துக்கொண்டே சோலார் போட்டால் கிட்டத்தட்ட 16 கிலோவாட் வேண்டும். மின்விசிறியை மாற்றிவிட்டுப் போட்டால் 6 கிலோவாட் போதும்! பாதிக்கும் குறைவான செலவு. முதலில் ஓட்டையை அடை, பிறகு தண்ணீர் ஊற்று என்றார் மின்வாரிய நண்பர். ஆனால் நடப்பது தலைகீழ். சோலார் தகட்டுக்குத் திறப்பு விழா வைக்கலாம், போட்டோ எடுக்கலாம். ஜன்னல் பீரோவை நகர்த்தியதற்கு யார் ரிப்பன் வெட்டுவது?

சோலார் தகட்டில் ஒரு கொசுறு லாபம் உண்டு. அது நிற்கும் இடத்தில் மாடிக்கு நிழல். கொசுறு கஷ்டமும் உண்டு. தூசியைத் துடைக்க வேண்டும், தகட்டுக்கும் செம்புக் கம்பிக்கும் காவல் வேண்டும். மே மாத லீவில் காலியாக இருக்கும் பள்ளி மாடியைத் திருடர்கள் அறியாமல் இல்லை. பள்ளியில் திருட்டுப் போன செய்தி வருடா வருடம் நம் மேஜைக்கு வருகிறது. லீவில் கிடைக்கும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பியில் ஏற்றிக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு மனுக் கொடுக்க ஆள் வேண்டும்.

மரமும் மழையும்

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பள்ளிக்கூட மரங்களும் தப்பவில்லை. விழுந்த இடத்தில் பல பள்ளிகள் மரம் வைக்கவில்லை, சிமெண்டுக் கல் பதித்துவிட்டன. குப்பை பெருக்க வசதியாம்! அந்தக் கல் மத்தியானம் அடுப்புக்கல். அதன் அனல் நேரே தரை மாடி வகுப்புக்குள் போகிறது. மேற்குப் பக்கம் நாலு புங்கை மரம் இருந்தால் சாயந்தர வெயில் சுவரைத் தொடாது. புங்கை நிழலின் குளுமை, அதன் அடியில் ஆட்டோ நிறுத்தும் டிரைவர்களுக்குத் தெரியும்.

மழை நீர் சேகரிப்பு 2003-ல் எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயம் ஆனது. 5 ஆயிரம் சதுர அடி பள்ளி மாடியில் ஒரு வருடம் விழும் மழை 6 லட்சம் லிட்டருக்கு மேல். 2019-ல் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்த காலம் நமக்கு மறந்துவிட்டது. பள்ளிகளில் அந்தக் குழாய்கள் பாதி உடைந்து தொங்குகின்றன. குழியில் பிஸ்கட் காகிதம்.

சனிக்கிழமை வரை...

மீண்டும் அந்த வடசென்னை மாடிக்கு வருவோம்.

டியூஷன் வாத்தியாரிடம் கொத்தனார் சொன்னதைச் சொன்னோம். உயரத் தூக்கிய ஷீட்டு, மேலே வெள்ளை, உச்சியில் இடைவெளி. அல்லது ஓடு. கவனமாகக் கேட்டார். கணக்கு வாத்தியார் அல்லவா, பேப்பரை எடுத்துச் செலவைப் போட ஆரம்பித்தார். வீட்டுக்காரரிடம் அட்வான்சில் கழிக்கச் சொல்லிக் கேட்பதாகச் சொன்னார்.

"பழைய தகரம் கீழ காம்பவுண்டு ஓரமாத்தான் கிடக்குது சார். அதையே நிமித்தி வெள்ளை அடிச்சிடலாமா?" என்றார்.

அடிக்கலாம் என்றோம்.

"அப்ப சனிக்கிழமை கீத்தை எறக்கிடறேன் சார். பிரிக்கிற ஆள் அன்னிக்குத்தான் வருவான். இன்னிக்குச் சொன்னா இன்னிக்கே வர மாட்டான்."

அதுவரைக்கும் கீழ் அறையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். கீழே வீட்டுக்காரர் குடியிருக்கிறாராம். குறைந்தபட்சம் அந்த கியாஸ் சிலிண்டரைப் படியை விட்டு நகர்த்துங்கள் என்றோம். அதற்கு உடனே ஆள் விட்டார். இரண்டு பெரிய பையன்கள் இறங்கிப் போய் ஒன்றை உருட்டிக்கொண்டு போனார்கள். இன்னொன்று நிறைந்த சிலிண்டர், அசையவில்லை.

நாம் கிளம்பும்போது மணி 5½. அடுத்த பேட்ச். 6-ம் வகுப்புப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக அந்தப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாம் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டோம்.